பட்டம் கொடுப்பதைத் தவிர ஒரு கல்லூரி தன் ஊருக்கு என்ன செய்யும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் ரோட்டோரம் முளைக்கும் பேனர்களைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு கம்பெனி பெயர், அதற்கும் கீழே ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று ஒரு தொகை. ஒரு பொறியியல் கல்லூரி நல்லதா கெட்டதா என்பதை நாம் பெரும்பாலும் அந்த பேனரை வைத்தே முடிவு செய்கிறோம். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் அப்படிப் பார்ப்பதில் தப்பு இல்லை, கடன் வாங்கி ஃபீஸ் கட்டப் போகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் பேனரில் இருக்கும் அத்தனை பேரும் பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டால், கல்லூரி நிற்கிற ஊருக்கு மிஞ்சுவது என்ன? வாசலில் நாலு டீக்கடை, இரண்டு ஜெராக்ஸ் கடை, ஹாஸ்டலுக்குப் பால் ஊற்றுகிறவருக்கு நல்ல வியாபாரம்.

பல்கலைக்கழகங்கள் ஒரு வட்டாரத்தின் தொழில்நுட்பத் துறையைத் தாங்கி நிற்கின்றன என்று பட்டமளிப்பு விழா மேடைகளில் தவறாமல் சொல்வார்கள். எப்படித் தாங்குகின்றன என்பதற்குள் போகமாட்டார்கள், அதற்குள் தேசிய கீதம் வந்துவிடும். அதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லிப் பார்க்கப் போகிறேன். இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று கோயம்புத்தூர், அங்கே பட்டறை முதலில் வந்தது, கல்லூரி அதற்குள்ளிருந்து முளைத்தது. இன்னொன்று சென்னை, அங்கே ஐ.ஐ.டி. முதலில் வந்தது, அதன் மதிலை ஒட்டிக் கம்பெனிகளுக்கென்று ஓர் இடம் திறக்க ஐம்பது வருஷம் ஆனது.

கோவையில் இருந்து தொடங்கலாம். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்த பிறகு அங்கே பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின. மில் என்று ஒன்று இருந்தால் ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டும், அது கப்பலில் வந்து சேரும்வரை மெஷினைச் சும்மா போட்டுவைக்க முடியாது, அதனால் உடைந்த பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளூர்ப் பட்டறைக்கு ஓடுவார்கள், பட்டறைக்காரர் அதைப் பார்த்தே இன்னொன்றை வார்த்துக் கடைந்து கொடுப்பார். இன்னொரு பக்கம் விவசாயி. கிணறு ஆழமாகிக்கொண்டே போகிறது, மாடு கட்டிக் கவலை இறைத்துக் கட்டுப்படியாகவில்லை, அவருக்குப் பம்பு வேண்டும், பம்புக்கு மோட்டார் வேண்டும். 1937இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் கோவையிலிருந்து வந்தது தற்செயல் இல்லை. வாங்குகிறவர் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்தார்.

இதற்குச் சில வருஷம் முன்னால், 1926இல், பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தார்கள். நாலு பேருக்கு ஐந்து பாகம் போட்டார்கள். ஐந்தாவது பாகம் தர்மத்துக்கு. அதில் பிறந்ததுதான் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை. அந்தப் பணத்தில் முதலில் வந்தவற்றில் ஒன்று தொழில் கற்றுத் தரும் பட்டறை. 1939இல் பாலிடெக்னிக் வந்தது. தொழில்நுட்பக் கல்லூரி 1951இல்தான். இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள்: பட்டறை, டிப்ளமா, டிகிரி. இன்றைக்கு நாம் செய்வது தலைகீழ். முதலில் கண்ணாடி வைத்த அட்மின் பிளாக் எழும்பும், அங்கீகாரத்துக்கு ஆய்வுக் குழு வருகிற வாரம் பட்டறைக்கு லேத் (கடைசல் மெஷின்) வரும்.

பட்டறையோடு சேர்ந்து வளர்ந்ததால் அந்தக் கல்லூரிக்குச் சில பழக்கங்கள் வந்தன. ஒன்று, சாண்ட்விச் பி.இ. என்று சொல்லப்படும் ஐந்து வருஷப் படிப்பு. மற்றவர்களுக்கு நாலு வருஷம், இவர்களுக்கு ஒரு வருஷம் கூடுதல், ஏனென்றால் படிப்புக்கு நடுவில் தொழிற்கூடத்தில் வேலை செய்ய வேண்டும். அந்தத் தொழிற்கூடம் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, மோட்டார், பம்பு, லேத் என்று விற்பனைக்குப் போகும் சரக்கைச் செய்கிற இடம். கல்லூரி லேபில் ஒரு பாகத்தின் அளவு தப்பினால் இரண்டு மார்க் போகும். விற்கப் போகிற சரக்கில் தப்பினால் அந்தப் பாகமே குப்பைக்குப் போகும், ஃபோர்மேன் முகத்தைப் பார்க்க முடியாது. இந்த வித்தியாசத்தை எந்த வகுப்பிலும் பாடமாக நடத்த முடியாது.

இன்னொரு பழக்கம், மெக்கானிக்கல் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பி.எஸ்.ஜி. டேட்டா புக். தண்டு, கியர், பேரிங், ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் டிசைன் செய்யத் தேவையான அட்டவணைகள் அடங்கிய புத்தகம், தேர்வு அறைக்குள் கொண்டுபோக அனுமதி உள்ள புத்தகம், சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் பாதி விலையில் கைமாறும் புத்தகம். கோவையை எட்டிக்கூடப் பார்க்காத ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதைப் புரட்டித்தான் கியர் டிசைன் செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஒரு கல்லூரி தன் ஊரோடு சேர்ந்து திரட்டிய அறிவு ஊர் எல்லையைத் தாண்டிப் போவது இப்படித்தான்.

சரி, இதனால் ஊருக்கு என்ன லாபம்? இங்கேதான் பெரும்பாலானவர்கள் "நல்ல ஆள் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆள் கிடைப்பது ஒரு பகுதிதான். கோவை மாதிரி ஊரில் பெரிய கம்பெனியைவிடச் சின்னக் கம்பெனிகளே அதிகம், பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற இடங்கள், அங்கே பட்டறையையும் "கம்பெனி" என்றுதான் சொல்வார்கள். அப்படி ஒரு ஃபவுண்டரி வைத்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பம்புக்கான வார்ப்பு செய்கிறார். திடீரென்று ஒரு மாதம் வார்ப்பில் ப்ளோ ஹோல் விழ ஆரம்பிக்கிறது, உள்ளே காற்றுக்குமிழ் மாதிரி ஓட்டை, கடைசல் பிடிக்கும்போதுதான் தெரியும், அதற்குள் உருக்கின கரண்ட், கூலி எல்லாம் செலவாகியிருக்கும். மணலில் ஈரம் அதிகமா, உலோகத்தில் ஏதாவது கலந்துவிட்டதா, ஊற்றும் சூடு சரியில்லையா? முப்பது வருஷ அனுபவம் உள்ள மோல்டர் ஒரு காரணம் சொல்வார், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாத மாதத்தில் என்ன செய்வது? ஓர் உலோகவியல் நிபுணரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள அவரால் முடியாது. பல லட்ச ரூபாய்ச் சோதனைக் கருவி வாங்கவும் முடியாது. பத்து கிலோமீட்டருக்குள் உலோகவியல் துறை உள்ள ஒரு கல்லூரி இருந்து, அதன் லேப் வெளி ஆளுக்கும் கட்டணத்துக்குத் திறந்திருந்தால், உடைந்த வார்ப்பை டூவீலரில் கட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வரலாம்.

இது ரொம்பச் சாதாரணமாகத் தோன்றும். யாரும் இதைப் பற்றி பேனர் வைக்கமாட்டார்கள். ஆனால் ஒரு வட்டாரத்தின் தொழில் நிற்பது இந்த மாதிரி விஷயங்களில்தான். தனித்தனியாக வாங்க முடியாத கருவியும் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியாத நிபுணரும் எல்லோருக்கும் பொதுவாக ஓர் இடத்தில் இருப்பது, ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. பஞ்சாலைகள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டன. 1956இல் சிட்ரா என்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையம் கோவையில் தொடங்கியதும் இதே கணக்கில்தான். அது கல்லூரி இல்லை, ஆனால் ஒவ்வொரு மில்லும் தனியாகச் செய்ய முடியாத நூல் சோதனையையும் ஆராய்ச்சியையும் சேர்ந்து செய்துகொள்ளலாம் என்ற யோசனை ஒன்றுதான்.

எனக்கு இந்தக் கதையில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது வேறொன்று. பகுதிநேர பி.இ. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? டிப்ளமா முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டவர்கள், வேலையை விடாமல், சாயங்கால வகுப்புக்கு வந்து மூன்றரை வருஷத்தில் பி.இ. முடிப்பது. கோவையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சி.ஐ.டி. என்கிற கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, பி.எஸ்.ஜி. என்று பல இடங்களில் இது நடந்துவந்திருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து கையில் ஒட்டிய கிரீஸைக் கழுவியும் கழுவாமலும் வந்து உட்காருகிறவருக்கு வெப்பப் பரிமாற்றம் என்பது வெறும் சமன்பாடு இல்லை, இன்று மத்தியானம் சூடேறி நின்றுபோன மெஷின். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆசிரியரும் அன்று கொஞ்சம் கற்றுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். மறுநாள் காலையில் அதே ஆசிரியர் பகல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தும்போது அந்த மெஷின் கதையும் கூடவே வரும். ஊரிலிருந்து கல்லூரிக்குள் அறிவு போகும் வழி இது. நாம் எப்போதும் கல்லூரியிலிருந்து ஊருக்கு வருவதை மட்டுமே பேசுகிறோம்.

இந்த இடத்தில் ஜி.டி. நாயுடுவின் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். 1940களின் நடுவில் அவருடைய முயற்சியிலும் நன்கொடையிலும் அப்போதைய மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன, அந்தக் கல்லூரிதான் பின்னாளில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. அவரே கொஞ்சகாலம் முதல்வராகவும் இருந்தார். நாலு வருஷப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணடிக்கிறது, இரண்டு வருஷம் போதும் என்று அவர் வாதாடினார், அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிவிட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு வருஷத்தில் நல்ல மெக்கானிக்கை உருவாக்கலாம், நாளைக்கு மெஷினே மாறிப்போனால் அவர் திண்டாடிவிடுவார், அடிப்படை அறிவியல் உட்கார நேரம் பிடிக்கும். ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் தீரவில்லை: அந்த நாலு வருஷத்தில் எத்தனை நாள் மாணவன் கையில் ஸ்பேனர் இருந்தது?

இனி சென்னைக்கு வருவோம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது. நாட்டின் சிறந்த மாணவர்கள் வந்தார்கள், படித்தார்கள், நிறைய பேர் அமெரிக்கா போனார்கள். முதல் சில பத்தாண்டுகளில் அடையாறு, வேளச்சேரிக்காரர்களுக்கு அந்த வளாகம் என்றால் மானும் மரமும் உயர்ந்த காம்பவுண்டுச் சுவரும்தான். நல்ல பல்கலைக்கழகம் ஊரில் இருந்தாலே ஊர் வளர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தக் காலகட்டத்தைப் பார்க்க வேண்டும். வளாகத்துக்குள் இருந்த அறிவு சென்னைத் தொழில்களோடு ஒட்டாமல் தனியாகவே இருந்தது.

மாற்றம் 1990களில் தெரிந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய சகாக்களும் டெனெட் என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். அப்போது வீட்டுக்கு ஒரு தொலைபேசி வாங்க வருஷக்கணக்கில் காத்திருந்த காலம், செலவில் பெரும்பகுதி எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை கம்பி இழுப்பதற்கே போனது. கம்பியில்லாமல் அந்தக் கடைசித் தூரத்தைக் கடக்கும் கார்டெக்ட் என்ற தொழில்நுட்பத்தை அவர்கள் உருவாக்கினார்கள். அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டு நிறுத்தாமல், பழைய மாணவர்கள் நடத்திய மைடாஸ் கம்பெனியோடு சேர்ந்து விற்கக்கூடிய பொருளாக மாற்றினார்கள். செல்போன் வந்து கார்டெக்டை ஓரங்கட்டிவிட்டது என்பது உண்மை. ஆனால் பேராசிரியர்கள் கம்பெனிகளைச் சுற்றி வளர்க்கலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை என்ற பழக்கம் உள்ளே ஊன்றிவிட்டது.

அந்தப் பழக்கம்தான் 2010இல் தரமணியில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ரிசர்ச் பார்க்காகத் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு ஐ.டி. பார்க் மாதிரி தெரியும், கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட், ஃபுட் கோர்ட். வித்தியாசம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அங்கே இடம் எடுக்கும் கம்பெனி வாடகை மட்டும் கொடுத்தால் போதாது, கிரெடிட் சேர்க்க வேண்டும், நம் பிள்ளைகள் பரீட்சைக்குச் சேர்க்கிற மாதிரியே. ஐ.ஐ.டி. பேராசிரியரோடு சேர்ந்து ஆய்வு செய்தால் கிரெடிட், மாணவருக்குப் பகுதிநேர வேலை கொடுத்தால் கிரெடிட், தன் ஊழியரை அங்கே எம்.எஸ்.ஸோ பிஎச்.டி.யோ படிக்க அனுப்பினால் கிரெடிட். பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தாலே பேசிக்கொள்வார்கள் என்று நம்பி விட்டுவிடாமல், பேசுவதையே வாடகையின் ஒரு பகுதியாக ஆக்கிவிட்டார்கள். எனக்கு இது கொஞ்சம் குறும்பான, ஆனால் நல்ல யோசனையாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடமே பேசாத காலத்தில் வேறு என்னதான் செய்வது?

அங்கேயே இன்குபேஷன் செல் என்று ஒன்று உண்டு, தமிழில் அடைகாப்பகம் என்கிறார்கள். நல்ல சொல். கோழி முட்டையின் மேல் இருபத்தோரு நாள் உட்கார்ந்து சூடு கொடுக்கும், சூடுதான் முக்கியம், கூடு அப்புறம்தான். பல கல்லூரிகள் கூட்டை மட்டும் வாங்கிவிட்டன: ஓர் அறை, நாலு சுழலும் நாற்காலி, சுவரில் ஊக்கமூட்டும் வாசகம், வாசலில் "இன்குபேஷன் சென்டர்" பலகை. சூடு என்றால் என்ன என்பதற்கு அக்னிகுல் நல்ல உதாரணம். 2017இல் ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயினும் சேர்ந்து சின்ன ராக்கெட் செய்யும் கம்பெனி தொடங்கினார்கள். பணம் எப்படியாவது திரட்டலாம் என்றே வையுங்கள், ராக்கெட் என்ஜினைப் பற்றவைத்துச் சோதிக்க இரண்டு தனி ஆட்கள் எங்கே போவார்கள்? வாடகைக்கு மாடி பிடித்துச் செய்கிற வேலையா அது? ஐ.ஐ.டி.யில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் ஒன்று இருந்தது, அதை நடத்திய பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தி அவர்களோடு இணை நிறுவனராகச் சேர்ந்தார். ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்த என்ஜினோடு அவர்களுடைய சோதனை ராக்கெட் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பறந்தது. அந்த லேபைக் கட்டும்போது அக்னிகுல் வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குப் போகும் பணம் இப்படித்தான் வேலை செய்யும், எப்போது எங்கே காய்க்கும் என்று முன்கூட்டியே கணக்குக் காட்ட முடியாது, அதனால்தான் அதற்குப் பணம் ஒதுக்க எல்லா அரசுகளும் தயங்குகின்றன.

சிப் விஷயமும் அப்படித்தான். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு வருஷக்கணக்காக சக்தி என்ற ப்ராசஸரை உருவாக்கி, அதன் வடிவமைப்பை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தது. இன்று மைண்ட்குரோவ் மாதிரி இளம் கம்பெனிகள் அந்த வழியில் சிப் செய்யக் கிளம்பியிருக்கின்றன. சிப் டிசைன் தெரிந்த பிள்ளைகள் அந்த லேபிலிருந்தே வந்தார்கள்.

ஏதர் கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது கொஞ்சம் கசக்கும். மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏதரை 2013இல் தொடங்கிய தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் மாணவர்கள், அடைகாத்ததும் அதே வளாகம்தான். பிறகு கம்பெனி பெங்களூருக்குப் போய்விட்டது. முட்டை பொரிந்தது இங்கே, கூவியது அங்கே. பெங்களூரில் முதலீட்டாளர்களும் ஸ்டார்ட்அப்பில் வேலை செய்து பழகிய ஆட்களும் கூட்டமாக இருந்தார்கள், புதுக் கம்பெனிக்கு அந்தக் கூட்டம் தேவைப்பட்டது. ஆனால் ஸ்கூட்டரைத் தயாரிக்கப் பெரிய ஆலை வைக்கும்போது தமிழ்நாட்டு எல்லைக்குள், ஒசூருக்கு வந்தார்கள். வண்டி உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் அதில் கை தேர்ந்த ஆட்களும் அங்கே ஏற்கெனவே இருந்ததுதான் அந்தப் பக்கத்தின் பலம். ஆக, பல்கலைக்கழகம் கம்பெனியைப் பெற்றுக் கொடுக்கும், ஆனால் அது எந்த ஊரில் குடித்தனம் நடத்தும் என்பதை ஊர்தான் முடிவு செய்யும்.

இந்த விஷயத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ஸ்டான்ஃபோர்டும் சிலிக்கான் வேலியும் வந்துவிடும், அதனால் ஒரு பத்தி. பேராசிரியர் ஃபிரெடரிக் டெர்மன் தன் மாணவர்கள் ஹியூலெட், பேக்கர்ட் இருவரையும் கம்பெனி தொடங்கச் சொல்லி உந்தினார், 1951இல் பல்கலைக்கழக நிலத்திலேயே தொழிற்பூங்கா வந்தது, இதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதிகம் பேசப்படாத ஒன்று, 1950களிலேயே பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் பொறியாளர்கள் வேலையை விடாமல் ஸ்டான்ஃபோர்டில் முதுகலை படிக்க ஒரு திட்டம் இருந்தது. நம் பகுதிநேர பி.இ.யின் தூரத்துச் சொந்தம்.

இதுவரை சொன்னது பத்துப் பன்னிரண்டு நல்ல கல்லூரிகளின் கதை. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் நானூறுக்கும் மேல். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தபோது, அதை வியாபாரம் என்று திட்டியவர்கள் உண்டு, திட்டியதில் நியாயமும் உண்டு. ஆனால் 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்து, பழைய மகாபலிபுரம் ரோடு முழுக்க மென்பொருள் கம்பெனிகள் வரிசைகட்டியபோது, அவர்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் கொடுக்க முடிந்தது அந்தக் கல்லூரிகளால்தான். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் அதில் ஏராளம். தங்கையைப் படிக்கவைத்து, வீட்டுக்குத் தளம் போட்டு, அப்பாவின் கடனை அடைத்தது அந்தச் சம்பளம். அந்த வகையில் இது சாதாரணச் சாதனை இல்லை.

ஆனால் அந்தக் கம்பெனிகள் என்ன செய்தன என்று பாருங்கள். மெக்கானிக்கல், சிவில், கெமிக்கல் என்று எதைப் படித்திருந்தாலும் எடுத்துக்கொண்டன, எடுத்துவிட்டுத் தாங்களே மாதக்கணக்கில் பாடம் நடத்தின. இன்ஃபோசிஸ் இதற்கென்று மைசூரில் ஒரு வளாகமே கட்டி வைத்திருக்கிறது. அப்படியானால் நாலு வருஷக் கல்லூரி எதற்கு? சல்லடையாக. கவுன்சிலிங்கில் இடம் பிடித்து, அரியர் இல்லாமல் எட்டு செமஸ்டர் தாண்டியவனுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் ஏறும் என்ற நம்பிக்கை. ஜோஹோ 2000களின் நடுவில் இந்தச் சல்லடையே வேண்டாம் என்று பள்ளிப்படிப்பும் டிப்ளமாவும் முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தானே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. கல்லூரிகளுக்கு இதைவிடக் கடுமையான விமர்சனத்தை யாரும் எழுதிவிட முடியாது.

நான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) கடைசி வருஷ ப்ராஜெக்ட்டை எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் விலைக்கு வாங்கினோம். ஆமாம், நானும்தான். ப்ராஜெக்ட் சென்டர் என்றே கடைகள் உண்டு, தலைப்புப் பட்டியல் தருவார்கள், டிக் செய்தால் போர்டு, ரிப்போர்ட், பவர்பாயிண்ட் எல்லாம் ரெடி. வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் டீம் நண்பனிடம் "ஏம்ப்பா இந்த மைக்ரோகன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்ககிட்ட அதுதான் சார் இருந்துச்சு" என்றான். தேர்வாளர் சிரித்துவிட்டார். எங்களுக்கு மார்க்கும் போட்டார், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அந்தக் கல்லூரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரு சிட்கோ தொழிற்பேட்டை இருந்தது. அங்கே தீர்க்க வேண்டிய பிரச்சினை உள்ள முதலாளிகள் இருந்திருப்பார்கள், இங்கே தலைப்பு இல்லாமல் அலைந்த அறுபது பேர் இருந்தோம், நடுவில் ஒரே ஒரு டவுன் பஸ் ரூட்.

அரசுக்கு இந்த இடைவெளி தெரியாமல் இல்லை. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிப் பாடத்தோடு சேர்த்துத் தொழில்துறை கேட்கும் திறன்களைக் கற்றுத்தரப் பார்க்கிறது. அதன் பலன் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது என்றுதான் மாணவர்கள் பேச்சிலிருந்து எனக்குத் தோன்றுகிறது, ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்தால் பிடித்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் அது இன்னொரு சர்டிஃபிகேட். இன்னொரு பக்கம் ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பு. ஜே.இ.இ. வேண்டாம், தகுதித் தேர்வில் தேறினால் போதும், வயது வரம்பு இல்லை, வீட்டிலிருந்தே டேட்டா சயின்ஸ் படிக்கலாம், பரீட்சை மட்டும் மையத்துக்குப் போய் எழுதவேண்டும். வேலையில் இருந்துகொண்டே, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறக்கிற முப்பத்தைந்து வயதுக்காரர்களையும் அதில் பார்க்கலாம். கிரீஸ் கையோடு சாயங்கால வகுப்புக்கு வந்தவரின் அடுத்த தலைமுறை இவர்கள். ஒருமுறை படித்து நாற்பது வருஷம் ஓட்டுகிற காலம் முடிந்துவிட்டதால், இருபத்தொரு வயதோடு பழைய மாணவனை மறந்துவிடும் கல்லூரி தன் வேலையில் பாதியை விட்டுவிடுகிறது என்பேன்.

உங்கள் ஊர்க் கல்லூரி எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள பேனரைப் பார்க்க வேண்டாம். அங்கே உள்ள ஆசிரியர்களில் யாராவது கடந்த ஒரு வருஷத்தில் பக்கத்துத் தொழிற்பேட்டைக்குள் ஒரு வேலையாகப் போனாரா என்று கேளுங்கள். லேபில் வெளி ஆள் பணம் கட்டிச் சோதனை செய்துகொள்ள முடியுமா, அதற்குக் கட்டணப் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய மாணவர்களில் எத்தனை பேர் ஊருக்குள் கம்பெனி வைத்திருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு இன்டர்ன்ஷிப் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

போன வருஷம் அக்கா மகனுக்காகக் கல்லூரி பார்க்கப் போனபோது நான் கேட்டேன். ஏ.சி. ஆடிட்டோரியம், நீச்சல்குளம், வைஃபை எல்லாம் காட்டிக்கொண்டிருந்த அட்மிஷன் ஆபீசர் கொஞ்சம் தயங்கினார். மெக்கானிக்கல் பட்டறை பூட்டியிருந்தது. சாவி அட்டெண்டரிடம் இருக்கிறது, அட்டெண்டர் லீவு, திங்கட்கிழமை வாருங்கள் சார் என்றார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். வரிசையாக எட்டு லேத், எட்டின் மேலும் பிளாஸ்டிக் உறை, உறை பிரிக்கவே இல்லை.